எலிராஜாவுக்கு மன்னிப்பு

சைக்காவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' பாலேயைப் பரதநாட்டியமாக ஆடப்போகிறார்கள், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். தங்கை மகளுக்கு எலிப்படையில் வேடம். போகாமல் இருக்க முடியுமா?

கூட வந்த பெரியம்மாவுக்கு ஆட்டோவிலேயே கதை சொன்னேன். 1816-இல் ஹாஃப்மன் எழுதியது. 1892 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்க்கில் பாலேவாக அரங்கேறியது. கிறிஸ்துமஸ் ராத்திரி மரப்பொம்மை உயிர்பெற்று எலிராஜாவோடு சண்டை போடும். சிறுமி செருப்பைக் கழற்றி எலிமேல் வீசுவாள். ரஷ்ய பாலேயென்று பெரியம்மா முகம் சுளிக்கவில்லை. "ரஷ்ய பாலேக்காரி பாவ்லோவா சொல்லித்தானே ருக்மிணி தேவியே நம்ம ஆட்டத்துப் பக்கம் திரும்பினாங்க" என்றார். இடித்தது இரண்டே சங்கதிதான். சலங்கை கட்டிய மேடையில் செருப்பா? பிள்ளையார் வாகனத்தை அடிப்பதா?

நடன ஆசிரியை இரண்டையும் முன்பே யோசித்திருந்தார். கிறிஸ்துமஸ் மரம் கொலுப்படியாகியிருந்தது. செருப்புக்குப் பதில் சுண்டல் கிண்ணம் பறந்தது. அது எலியை விரட்டுமா, விருந்துக்கு அழைக்குமா? எங்கள் எலி போரை நிறுத்திவிட்டுக் கொண்டைக்கடலை பொறுக்கியது. எலிராஜா சாகவில்லை, மேல்படிப் பிள்ளையாரை வலம்வந்து மன்னிப்பு வாங்கிக்கொண்டது. நாயகன் மரப்பாச்சி. மரப்பாச்சிதான் எப்போதும் ஜோடியாயிற்றே, பக்கத்தில் பெண்டாட்டி நிற்கச் சிறுமியோடு எப்படி ஊர்சுற்றுவான்? மூவருமாகவே கிளம்பினார்கள்.

பனி நடனத்தை மழையாக்கியிருந்தார்கள். சரிதான், 2015 டிசம்பரில் முடிச்சூர்ப் பக்கம் படகேறியவர்களிடம் தெர்மாகோல் பனி எடுபடாது. ஆனால் ஜதி ஏற ஏற முன்வரிசைக்காரர் மனைவியிடம், "காரை வேளச்சேரி மேம்பாலத்துல விட்டுடலாமா?" என்றார்.

நான் அசந்தது இசையில். செலஸ்டா என்ற புது வாத்தியத்தைப் பாரிஸில் கேட்ட சைக்காவ்ஸ்கி, மற்றவர்கள் முந்திவிடக் கூடாதென்று ரகசியமாக வரவழைத்தார், சீசனுக்காகப் பல்லவியை ஒளித்துவைக்கும் வித்வான் மாதிரி. அந்த மணியொலிக்கு இங்கே ஜலதரங்கம். அதற்குத் தேவதை வேடத்துப் பெண் ஆடி முடிக்கும்வரை ஒரு செல்போன்கூட அடிக்கவில்லை.

மூலத்தில் சாக்லெட் ஸ்பெயினிலிருந்தும் காபி அரேபியாவிலிருந்தும் டீ சீனாவிலிருந்தும் வந்து ஆடும். இங்கே பித்தளை டவரா ஏந்தி ஒரு பெண், அபிநயத்திலேயே டிகாக்‌ஷன் இறக்கினாள். சொட்டுச் சொட்டாக. நிஜ ஃபில்டரைவிட நேரம் பிடித்தது. பாதி மண்டபம் எழுந்து கேன்டீனுக்குப் போய்விட்டது. நானும் எழுந்தேன். பெரியம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இருடா, இன்னும் பால் காயலை."