பென்சீனுக்கு அவசரம் இல்லை, துவான்!

பெறுநர்: மெட்ரிகுலேஷன் பிரிவு, கல்வி அமைச்சு, புத்ராஜெயா.

அனுப்புநர்: பாடாங் மேஹா வட்டாரத்துப் பெற்றோர், தாத்தா பாட்டிமார், கூலிம் மாவட்டம், கெடா.

பொருள்: ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை அரைப் பருவத்தில் முடித்துக் காட்டும் சாதனைக்குப் பாராட்டு, கூடவே ஒரு விண்ணப்பம்.



உலகம் நூறு இருநூறு ஆண்டு எடுத்துக்கொண்ட வேலையைத் தாங்கள் சில வாரங்களில் முடித்துவிடுகிறீர்கள். இதைப் பாராட்ட ஓர் ஆள் இல்லையே என்ற குறை பாடாங் மேஹா பக்கம் வெகு நாளாக இருக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1825இல் பென்சீனைப் பிரித்தெடுத்தார். அது வளையம் என்று கெக்குலே எழுதியது 1865இல். நடுவில் நாற்பது ஆண்டு, ஐரோப்பாவின் பெரிய தலைகளெல்லாம் மண்டையைப் பிய்த்துக்கொண்டன. தங்கள் கல்லூரிப் பிள்ளைகள் அந்த நாற்பது ஆண்டை ஒரு வெள்ளிக்கிழமைக்குள் தாண்டி, திங்கட்கிழமை ஹாலோ ஆல்கேனுக்குப் போய்விடுகிறார்கள். கணப்பின் முன் கண்ணயர்ந்தபோது தன் வாலைத் தானே கவ்விய பாம்பைக் கண்டதாகவும், வளையம் தமக்குத் தோன்றியது அப்போதுதான் என்றும் கெக்குலே 1890இல் ஒரு விழாவில் சொன்னார். மெட்ரிக் மாணவன் கண்ணயர்ந்தால் பாம்பு வராது. வருகைப் பதிவில் வில்லங்கம்தான் வரும்.

இந்தத் துறையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரான ஃபிரெட்ரிக் வோலரே தங்கள் வேகத்தைத் தாங்கியிருப்பாரா என்பது சந்தேகம். உயிருள்ள உடம்பில்தான் யூரியா உண்டாகும் என்று பலரும் நம்பியிருந்த காலத்தில், 1828இல் அதைக் கண்ணாடிக் குடுவையில் உண்டாக்கியவர் அவர். ஏழு ஆண்டு கழித்துத் தம் குரு பெர்சீலியசுக்கு எழுதிய கடிதத்தில், கரிம வேதியியல் தம்மைப் பைத்தியமாக்குகிறது என்றும், வெளியேற வழி தெரியாத அடர்காட்டைப்போல் பயமுறுத்துகிறது என்றும் புலம்பியிருக்கிறார். வோலருக்கு 4.00 சராசரிப் புள்ளி (பி.என்.ஜி.கே.) எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கொடுத்து வைத்தவர்.

விஷயத்துக்கு வருவோம். தங்கள் ஓராண்டுத் திட்டத்தின் இரண்டாம் பருவ வேதியியலில் முதலில் வினைவேகம், அடுத்து வெப்ப வேதியியல், அடுத்து மின்வேதியியல். இவ்வளவையும் இறக்கி வைத்த பிறகு கரிமம் ஏறும்: ஹைட்ரோகார்பன், பென்சீன், ஹாலோ ஆல்கேன், ஆல்கஹால், ஆல்டிஹைடு, கீட்டோன், கார்பாக்சிலிக் அமிலம், அமீன், அமினோ அமிலம். ஏறிய கையோடு தேர்வு. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆறாம் படிவத்தில் எஸ்.டி.பி.எம். படிக்கிறது. அங்கே மூன்று பருவத்தில் கடைசிப் பருவம் முழுவதும் கரிமத்துக்கே. இரண்டு பிள்ளைகளும் ஒரே பல்கலைக்கழக இடத்துக்குத்தான் விண்ணப்பம் போடுகிறார்கள். மதிப்பெண்ணுக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு என்று இருவருக்கும் ஒரே தராசு.

அமெரிக்காக்காரன் இதைவிட வேகமாக ஓடவில்லையா என்று தாங்கள் கேட்கலாம். ஓடுகிறான். ஹார்வர்டின் கோடைக்காலப் பள்ளியில் ஓராண்டு ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை ஏழே வாரத்தில் நடத்துகிறார்கள். ஆனால் அந்த ஏழு வாரமும் அந்த ஒரு பாடமே முழுநேர வேலை. கணிதம், இயற்பியல், ஆங்கிலம் என்ற சுமையோ, கொ-குரிகுலம் என்று சனிக்கிழமை காலை திடலில் அணிவகுத்து நிற்கும் வேலையோ அங்கே கிடையாது. சாதாரண வேகத்தில் நடத்தினாலும் இந்தப் பாடம் ஆளைக் கவிழ்க்கும் என்பதற்கு நியூயார்க் பல்கலைக்கழகமே சாட்சி. அங்கே மெய்ட்லண்ட் ஜோன்ஸ் என்ற பேராசிரியர், ஆர்கானிக் கெமிஸ்ட்ரிப் பாடநூலே எழுதியவர், வயது எண்பதைத் தாண்டியவர். 2022இல் அவர் வகுப்பின் சுமார் 350 மாணவரில் 82 பேர் பாடம் கடுமையாக இருக்கிறது, மதிப்பெண் கிடைக்கவில்லை என்று மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அவரை நீக்கச் சொல்லி மனு கேட்கவில்லை. இருந்தும் அடுத்த பருவம் தொடங்கும் முன் அவருடைய ஒப்பந்தம் முடிக்கப்பட்டது. பாடாங் மேஹா மனுக்காரர்கள் யார் வேலைக்கும் உலை வைக்க வரவில்லை. விரிவுரையாளர்கள் பாவம், அவர்களும் அதே மணியோசைக்கு ஓடுகிறவர்கள்தான்.

இனி, தோட்டத்துப் பிள்ளைக்கும் கரிமத்துக்கும் என்ன சம்பந்தம் என்று புத்ராஜெயாவில் யாராவது புருவம் உயர்த்தினால், அவர்கள் ஒரு பாட்டியைச் சந்திக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் பாட்டி இருட்டோடு எழுந்து, பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், நெற்றியில் கார்பைட் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்குவார். விளக்குக்குள் இருப்பது கால்சியம் கார்பைட். அதில் நீர் சொட்டினால் அசெட்டிலின் வாயு வரும், பற்றவைத்தால் வெள்ளை வெளிச்சம். கார்பைடிலிருந்து அசெட்டிலின் வருவதை 1862இல் கண்டு சொன்னவர், காட்டில் வழிதெரியாமல் புலம்பிய அதே வோலர்தான். அவர் கண்டுபிடித்த வெளிச்சத்தில் பாட்டிக்கு மட்டும் வழி தெரிந்தது. உளியால் பட்டையை ஒரு நூல் கனத்துக்குச் சீவினால் பால் கோடு வழியே இறங்கி மங்கில் சொட்டும். கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், தண்டலிடம் வசவு.

மழை வரும்போல் இருந்தாலோ, பால் ஸ்டோருக்குப் போக நேரமாகும் என்றாலோ, வாளியில் சில துளி அமோனியா விடுவார்கள். பால் கட்டாது. ஸ்டோரில் தொட்டியில் ஊற்றி, தண்ணீர் கலந்த ஃபார்மிக் அமிலத்தை விட்டால் கட்டிக்கொள்ளும். ஏன் என்று படிவம் ஐந்து புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்கிறது: ரப்பர் துகளைச் சுற்றிப் புரதச் சவ்வு, அதன்மேல் எதிர்மின்னூட்டம், அதனால் துகள்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி மின்னூட்டத்தை ஈடுகட்டியதும் துகள்கள் மோதி, சவ்வு கிழிந்து, நீண்ட சங்கிலிகள் பின்னிக்கொள்கின்றன. பாட்டி இதைப் படிக்கவில்லை. ஆசிட் எவ்வளவு விடலாம் என்பதில் மட்டும் அவர் கை பிசகாது. அந்த ஃபார்மிக் அமிலத்தை 17ஆம் நூற்றாண்டிலேயே ஜான் ரே என்பவர் எறும்புகளை வாலையில் வடித்து எடுத்தார் என்று அவரிடம் சொன்னால் சிரிப்பார். மரத்தடியில் கட்டெறும்பு கடித்தபோதெல்லாம் அவர் காலில் இறங்கியது இலவச டியூட்டோரியல் என்று ஆகிறதே!

இன்னொரு சங்கதி. பென்சீனைப் பிடித்த ஃபாரடே மறு ஆண்டே ரப்பரையும் விடவில்லை. ஐந்து கார்பனுக்கு எட்டு ஹைட்ரஜன் என்ற விகிதத்தை 1826இல் கணக்கிட்டுச் சொன்னார். இதே விகிதத்தில், இதே ஐசோப்ரீன் கண்ணிகளால் ஆன வேறொரு பாலும் உண்டு. மலாயாக் காட்டின் தபான் மரத்திலிருந்து வரும் கட்டாபெர்ச்சா. ரப்பர் இழுத்தால் நீளும். கட்டாபெர்ச்சா விறைத்து நிற்கும். 1851இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் தந்திக் கம்பி போட்டபோது, கடல்நீர் புகாமல் அதன்மேல் சுற்றியது இந்தக் கட்டாபெர்ச்சாதான். இரண்டுக்கும் வித்தியாசம் இரட்டைப் பிணைப்பின் இரு பக்கமும் சங்கிலி எப்படித் திரும்புகிறது என்பது மட்டுமே. ஒன்று சிஸ், மற்றது டிரான்ஸ். சிஸ்-டிரான்ஸ் மாற்றியம் என்றால் என்ன என்பதற்கு உலகத்தில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை, இரண்டும் இந்த மண்ணிலேயே கிடைத்தவை. ஆனாலும் பிள்ளையின் நோட்டில் அந்தப் பாடத்துக்கு எதிரே இருப்பது 2-பியூட்டீன். அதைப் பாடாங் மேஹாவில் யாரும் கண்ணால் கண்டதில்லை.

பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் கரிமம் தோட்டத்தை விட்டுப் போகவில்லை. குலையை வெட்டிப் போட்டு ஆலைக்கு அனுப்பத் தாமதமானால், பழத்தில் இருக்கும் லிப்பேஸ் நொதி கொழுப்பை உடைத்துக் கொழுப்பமிலங்களை விடுவிக்கிறது. கச்சா எண்ணெயில் அது 5 விழுக்காட்டைத் தாண்டினால் தரம் குறைந்தது என்று விலை அடிபடும். அதனால்தான் லாரி வரவில்லை என்றால் மண்டோர் அப்படிக் கத்துகிறார். எஸ்டர் நீராற்பகுப்பு என்ற தலைப்பைக் கண்டதும் பிள்ளைக்கு மண்டோர் குரல் காதில் விழ வேண்டும். விழுவதற்குள் அடுத்த சிலைடு வந்துவிடுகிறது.

பிள்ளையும் லேசுப்பட்டதில்லை. தமிழ்ப்பள்ளியில் தமிழில் அறிவியல், இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலும் மலாயில் கீமியா, மெட்ரிக்கில் ஆங்கிலத்தில் கெமிஸ்ட்ரி என்று மூன்று மொழியில் ஒரே கார்பனுக்குக் கை குலுக்கியிருக்கிறது. இதை ஒரு சாமர்த்தியமாக மதித்து, கூடுதலாக ஒரு வாரம் கொடுப்பார் யாருமில்லை.

தங்கள் பருவத்தின் முதல் பாடம் வினைவேகம் அல்லவா? அதிலிருந்தே ஒரு சாட்சி. 1,3-பியூட்டாடயீன் என்று ஒன்று. கையுறைத் தொழிற்சாலைகள் வாங்கும் நைட்ரைல் ரப்பரில் பாதி ஆள் இவர்தான். இதனோடு ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்த்தால் இரண்டு பொருள் வரும். சுழியத்துக்குக் கீழே 80 பாகை குளிரில், சுமார் 80 விழுக்காடு சீக்கிரம் உண்டாகிற பொருள். 40 பாகை வெப்பத்தில், போய்த் திரும்பி வர மூலக்கூறுகளுக்கு வழியிருந்தால், அதே 80 விழுக்காடு நிலைத்து நிற்கிற மற்றப் பொருள். முந்தி உண்டாவது ஒன்று, நிலைப்பது வேறு. பல்கலைக்கழகத்து முதலாண்டு ஆர்கானிக் வகுப்பில் இதைப் பிள்ளைக்குக் கற்பிப்பார்கள். அப்போது, தான் எந்தப் பொருள் என்று அதற்குப் புரிந்துவிடும், தர்மசங்கடமான நிமிஷம்.

சரி, இவ்வளவு பேசுகிறவர்கள் இதுவரை ஏன் வாயைத் திறக்கவில்லை என்று தாங்கள் கேட்பது நியாயம்தான். இடம் கிடைத்ததே பெரிது என்று இருந்தார்கள். மெட்ரிக் இடங்களில் பூமிபுத்ராவுக்கு 90 விழுக்காடு, மற்றவர்க்கு 10 என்ற கணக்கில் அந்தப் பத்துக்குள் மற்ற எல்லா இனத்துப் பிள்ளைகளும் முண்டுகிறார்கள். 2012இல் இந்திய மாணவருக்கு 1,500 இடம் என்று அரசாங்கம் அறிவித்தபோது கோயில் திருவிழா அறிவிப்பைப்போல் ஊரெல்லாம் பேச்சு. 2019இல் மொத்த இடம் 25,000த்திலிருந்து 40,000 ஆனது, விகிதம் அசையவில்லை. 2024இல் எஸ்.பி.எம்.மில் 10 ஏ எடுத்தால் எந்த இனமானாலும் இடம் உண்டு என்று பிரதமர் சொன்னார். நல்ல சேதிதான். ஒன்பது பாடம் மட்டுமே எடுத்த பிள்ளை பத்தாவது ஏ-க்கு எங்கே போகும் என்ற கேள்வியும் அன்றைக்கே பிறந்தது. இப்படி அலைந்து வாங்கிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வேகம் அதிகமாக இருக்கிறது என்று எந்தப் பிள்ளையாவது சொல்லுமா? அப்பாவிடம் தொலைபேசியில் "நல்லாப் போவுதுப்பா" என்கிறது. தாங்கள் அதைத்தான் திட்டத்தின் வெற்றி என்று எழுதிக்கொள்கிறீர்களோ என்னவோ.

ஆகவே விண்ணப்பம் இதுதான். கரிமத்துக்கு இரண்டாம் பருவத்தில் முதலிடம் கொடுங்கள், அல்லது முதல் பருவத்திலேயே பாதியை ஏற்றிவிடுங்கள். அதுவும் முடியாதென்றால், பருவம் தொடங்கும் முன் ஒரு நாள் பேருந்து ஏற்பாடு செய்து வகுப்பைத் தோட்டத்துக்கு அனுப்புங்கள். கெடாவில் தங்கள் கல்லூரி சங்லூனில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் தெற்கே வந்தால் கூலிம் ஒன்றும் சீமை இல்லை. நிரையில் நடக்கலாம், மங்கில் விரலை விடலாம், செம்பனை ஆலை வாசலில் மூக்கைப் பிடிக்கலாம். பாட்டி வகுப்பெடுப்பார். சம்பளம் வேண்டாம், வெற்றிலை போதும். பவர்பாயிண்ட் சிலைடு கிடையாது.

இப்படிக்கு,
மேற்படி அனுப்புநர்கள்

இணைப்பு: சாக்கில் கட்டிய ஒட்டுப்பால், ஒரு கட்டி. தங்கள் அலுவலகத்தின் குளிரூட்டப்பட்ட அறையில் இரண்டு நாள் வைத்தால் ஒரு நெடி கிளம்பும். அசெட்டிக், பியூட்டிரிக், வலெரிக் அமிலங்கள் அதில் உண்டு. கார்பாக்சிலிக் அமிலப் பாடத்துக்கு ஒதுக்கிய நேரம் போதுமா என்பதை, அறையில் இருக்கும் அதிகாரிகள் ஜன்னலைத் திறக்காமல் முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.