முறுக்கி வைத்த பட்டு

வெனிஸ் நகரத்து ஆடை வடிவமைப்பாளர் மரியானோ ஃபோர்ச்சூனியின் 'டெல்ஃபோஸ்' கவுன் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தோளிலிருந்து தரைவரை நுண்மடிப்புகள் ஓடும் பட்டு. ஓரங்களில் முரானோ கண்ணாடி மணிகள். அவை வெறும் அழகுக்கல்ல. லேசான பட்டைக் கீழே இழுத்துப் பிடிக்கும் எடை.

அந்நாளில் வாங்கிய சீமாட்டி அதற்கு இஸ்திரி போடக்கூடாது. கழற்றியதும், ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிச் சுருட்டி, ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைத்துவிட வேண்டும். கொடுத்த விலைக்கு அதுதான் மரியாதை! நனைந்து மடிப்பு கலைந்தால், மறுபடி மடிப்பு பிடிக்கக் கவுன் வெனிசுக்குப் பயணம் போகும். உடுத்தியவள் போகாத ஊருக்கெல்லாம் கவுன் போய்வரும்.

மடிப்பு பிடிக்கும் அந்த வித்தைக்கு 1909-ல் பாரிஸில் காப்புரிமை வாங்கினார் ஃபோர்ச்சூனி, தன் பெயரில். உண்மையில் கண்டுபிடித்தவர், பின்னாளில் அவர் மனைவியான ஹென்ரியெட். இதை ஊரார் துப்பறிந்து சொல்லவில்லை. அந்தக் காப்புரிமை ஆவணத்தில் ஃபோர்ச்சூனியே கைப்பட எழுதிவைத்தார். தாக்கல் செய்யும் அவசரத்தில் தன் பெயரைப் போட்டுவிட்டாராம். நேர்மையான மனிதர்தான், குறிப்பெழுதும் அளவுக்கு.

அவர் 1949-ல் காலமானார். கவுன் இன்றும் 'ஃபோர்ச்சூனி' என்றே அறியப்படுகிறது.