ஃப்ரீட்மன் பெயர்ச்சிப் பலன்கள்

நேற்றுக் காலை பல் விளக்குவதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு கட்டுரையைப் போட்டுவிட்டார். நியூயார்க் டைம்ஸ், தாமஸ் ஃப்ரீட்மன். கீழே வழக்கமான உத்தரவு: "எல்லாரும் நிதானமா படிங்க. அடுத்த ஆறு மாசம்தான் முக்கியம்." உடனே வரிசையாகக் கட்டைவிரல்கள், நடுவில் ஒரு கும்பிடு. ஒருத்தரும் படித்திருக்க மாட்டார்கள். நானும் கட்டைவிரல்தான் போட்டேன்.

இந்த மனிதரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக இருக்கிறேன். கட்டுரைக்குக் கட்டுரை அவர் மேற்கோள் காட்டும் டாக்ஸி டிரைவர்களைப் பற்றி அல்ல. அதை எல்லோரும் துவைத்துக் காயப்போட்டாயிற்று. முதலில் இந்த ஆறு மாதத்தை முடித்துவிடுகிறேன்.

2003 மார்ச்சில் தொடங்கிய ஈராக் போரை ஆதரித்தவர்களில் இவரும் ஒருவர். அந்த நவம்பரிலேயே, அடுத்த ஆறு மாதத்தில் ஈராக்கின் கதி தெரிந்துவிடும் என்கிற தோரணையில் எழுதினார். ஆறு மாதம் போயிற்று, தெரியவில்லை. அடுத்த ஆறு மாதம் என்றார். 2006 வரை பத்தியிலும் டிவியிலும் இதே பல்லவி. கடுப்பான அமெரிக்கக் கேலிக்காரர்கள் ஆறு மாதத்துக்கு 'ஃப்ரீட்மன் யூனிட்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அமெரிக்கப் படை 2011 டிசம்பரில் கிளம்பியபோது, அந்த முதல் நவம்பரிலிருந்து கணக்குப் பார்த்தால் 16 யூனிட்.

நமக்கு இது புதிதா என்ன? குருவுக்கு ஒரு வருஷம், ராகு கேதுவுக்கு ஒன்றரை, சனிக்கு இரண்டரை, ஃப்ரீட்மனுக்கு அரை. தனி மலரே போடலாம்.

ஈராக்: ஜென்மத்தில் அமெரிக்கா. பொறுமை தேவை. எண்ணெய் வகையில் வரவு உண்டு, கைக்கு வராது.

ஆப்கானிஸ்தான்: ஏழரை முடிய 20 வருஷமாகும். முடிந்ததும் பழைய ஆட்களே வீட்டுக்கு வருவார்கள்.

சவூதி அரேபியா: பட்டத்து இளவரசருக்குச் சீர்திருத்த யோகம். இது என் கற்பனை அல்ல, 2017 நவம்பரில் ஃப்ரீட்மனே மெச்சி எழுதியது. 2018 அக்டோபரில் இஸ்தான்புல் சவூதி துணைத் தூதரகத்துக்குள் போன பத்திரிகையாளர் ஜமால் கஷோகி உயிரோடு திரும்பவில்லை. பரிகாரம் இல்லை.

பலிக்காவிட்டால் ஜோசியரிடமாவது போய்ச் சண்டை போடலாம். "நீங்க குடுத்த பிறந்த நேரம் தப்பு" என்று அவரும் திருப்பிக் கொடுப்பார். இங்கே அதற்கும் வழியில்லை.

மெக்டொனால்ட்ஸ் கதையும் உண்டு. அந்தக் கடை உள்ள இரண்டு நாடுகள், கடை வந்த பிறகு தங்களுக்குள் போரிட்டதில்லை என்று 1996இல் எழுதினார். 1999இல் புத்தகத்திலும் சேர்த்தார். அதே வருஷம் நேட்டோ பெல்கிரேடில் குண்டு போட்டது, கார்கிலில் நாம் சண்டை போட்டோம். பெல்கிரேட், டெல்லி, லாகூர் மூன்றிலும் கடை இருந்தது. 2005இல் பர்கரைக் கைவிட்டு டெல் கம்ப்யூட்டருக்கு மாறினார்: ஒரே உற்பத்திச் சங்கிலியில் இருக்கும் நாடுகள் மோதாதாம். 2022இல் உக்ரைன் போர் மூண்டதும் மெக்டொனால்ட்ஸ் ரஷ்யாவை விட்டே கிளம்பிவிட்டது. பழைய கோட்பாட்டைக் காப்பாற்ற அந்தக் கம்பெனியால் முடிந்தது அவ்வளவுதான்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது, வயிறும் எரிகிறது. 1982இல் பெய்ரூட்டில் இருந்தவர் இவர். சப்ரா, ஷத்திலா முகாம்களில் நடந்த படுகொலையை, யார் எங்கே நின்றார்கள், யாருக்கு எப்போது தெரியும் என்று துருவித் துருவி எழுதியவர். 1983இல் வாங்கிய புலிட்சர் உழைத்து வாங்கியது. அந்த ஆள்தான் பிற்பாடு பெங்களூரு கோல்ஃப் மைதானத்தையும் இன்ஃபோசிஸ் அலுவலகத்தையும் பார்த்துவிட்டு, நந்தன் நிலேகணியோடு பேசிவிட்டு, உலகம் தட்டையாகிவிட்டது என்று 2005இல் தடிப் புத்தகம் போட்டார். கோல்ஃப் மைதானத்தில் நின்றால் எல்லாம் தட்டையாகத்தான் தெரியும். புல் வெட்டுகிறவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சொல்ல வந்த அந்த ஒரு விஷயத்துக்கு இடமில்லை, போகட்டும். பொய்த்த கணிப்புக்கெல்லாம் பாக்தாத்காரர்கள்தான் விலை கொடுத்தார்கள். இவர் பத்தி இருந்த இடத்திலேயே இருக்கிறது. நம்ம ஊர் ராசிபலன் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போடுவார்கள்: இவை பொதுப்பலன்களே, அவரவர் ஜாதகப்படி மாறும். அந்த நாணயமாவது நியூயார்க் டைம்ஸுக்கு வேண்டாமா?