கதவைத் திறக்காதீர்கள்

தங்கை மகன் மூன்று நாளாகத் தூங்கவில்லை. ‘புரொஜெக்ட் ஸோம்பாய்ட்’ என்ற ஸோம்பி கணினி ஆட்டத்தில் உயிர் பிழைக்கக் கற்கிறானாம். என்ன பொறுப்பு!

கதை 1993இல், அமெரிக்காவின் கெண்டக்கியில் நடக்கிறது. (நமக்குத் தெரிந்த கெண்டக்கி கோழிதான்.)

“ஓடாதீங்க மாமா, சத்தம் கேட்டா கூட்டமா வந்துரும். குனிஞ்சு பதுங்கணும். ஜன்னல் திரைய மூடணும். தண்ணி நிக்கிறதுக்குள்ள ரொப்பி வைக்கணும். கடிச்சிட்டா முடிஞ்சது, திரும்ப முதல்லேர்ந்து.”

அருமையான வித்தை. 2009 இடைத்தேர்தலில் புக்கிட் செலம்பாவில் 15 வேட்பாளர்கள் வாக்குக் கேட்டு நின்றபோது இது தெரியாமல் கதவைத் திறந்துவிட்டோம்.

நேற்று சமைக்கும்போது கேஸ் தோங் தீர்ந்துவிட்டது. “தம்பீ!” என்றாள் தங்கை. பையன் குனிந்தான். பதுங்கினான். திரையை மூடினான்.

தோங் தூக்கிய எனக்குத்தான் முதுகு பிடித்துக்கொண்டது. இப்போது நானும் குனிந்தபடிதான் நடக்கிறேன்.