முதல்ல கதியால் போடப் பழகு

வா மோனை, இப்பிடித் திண்ணையில இரு. போனைப் பொக்கற்றுக்குள்ள வை. அதில நீ என்ன பாத்துக்கொண்டு திரியிறாய் எண்டு எனக்குத் தெரியும், கொப்பருக்குத்தான் தெரியாது. கஞ்சாக் கொப்பு ஒண்டு எடுத்து, அறைக்குள்ள லைற்றும் பூட்டி, வேர் விடப் பண்ணப்போறியாம். சந்தோசம். வேலணைப் பெடியளுக்கு விவசாயத்தில விருப்பமில்லை எண்டு இனி ஒருத்தரும் சொல்லேலாது.

லைற் என்னத்துக்கடா? நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூண்டுக்கும் டீசல் எஞ்சினிலதான் கரண்ட் வந்தது. வெயிலிலயும் காத்திலயும் கரண்ட் எடுக்க இந்தியக் காசில 2024இல ஒப்பந்தம் எழுதியிருக்கினம். அவ்வளவு வெயில் கொட்டிக்கிடக்கிற ஊரில நீ வெயிலைக் காசு குடுத்து அறைக்குள்ள வாங்கப்போறாய். பில் வந்தால் கொப்பர் கட்டுவார் எண்ட நினைப்பு.

அதை விடு. தீவில ஒளிப்பு மறைப்பு எண்டு ஒண்டு இருக்கோ? நான் பின்னேரம் ஒரு சுருட்டுப் பத்தவைச்சால், மூண்டாம் வளவு ஆச்சி வேலிக்கு மேலால எட்டி, "அப்புவுக்கு இண்டைக்கு நல்ல புகையிலை போல" எண்டு கேக்கிறா. உன்ர செடி பூத்தால் அது நாறுற நாத்தத்துக்கு, நீ குறிகட்டுவானில வள்ளம் ஏற முன்னமே கதை நயினாதீவில இறங்கி நிக்கும்.

வெள்ளைக்காரன் 1929இல எழுதின சட்டம் இப்பவும் உயிரோட கிடக்கு. நஞ்சு, அபின், ஆபத்தான ஔடதம் எண்டு பேரே வாய்க்குள்ள அடங்காது. விக்கிறது மட்டுமில்லை, அனுமதியில்லாமல் நடுறதும் அதில குற்றம். ஊர்காவற்றுறைக் கோட்டில போய் நிண்டு "ஐயா, வீட்டுத் தோட்டம்" எண்டு சொல்லிப்பார். கேரளா கஞ்சா எண்டு கடலால வாற பார்சலை நேவி பிடிக்கிறதும், படம் பேப்பரில வாறதும் உனக்குத் தெரியும். அந்தப் படத்துக்குப் பக்கத்தில உன்ர சாடியையும் வைச்சால் வடிவாய்த்தான் இருக்கும். ஆயுர்வேதப் பரியாரிமார் மருந்துக்கு எடுக்க 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில வழியிருக்கு. நீ பரியாரியோ? உனக்கு வேப்பிலையையும் கறிவேப்பிலையையும் பிரிச்சறியத் தெரியாது.

தாய்ச்செடி பெண்ணெண்டால் கொப்பும் பெண்தான் எண்டு சொல்லுறாய். அது மெய். ஆனால் வளவில நிக்கிற பனையைப் பத்தி என்ன தெரியும்? அதிலயும் ஆண் வேறை, பெண் வேறை. கொட்டை போட்டுப் பன்னிரண்டு, பதினைஞ்சு வருசம் காவல் கிடந்து, பாளை தள்ளேக்கதான் எதெண்டு தெரியும். பனையில வெட்டி நட ஒண்டுமில்லை. தோலுக்கும் வைரத்துக்கும் நடுவில பச்சைப்படை இருக்கிற மரம்தான் வெட்டி நட்டால் பிழைக்கும். பனைக்கும் தென்னைக்கும் அந்தப் படை இல்லை.

வெட்டி நடுறதுதான் உன்ர ஆசையெண்டால் வேலிக்குக் கதியால் போடு. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, மூண்டும் கையிராசி இல்லாதவனுக்கும் பிடிக்கும். தடி மணிக்கட்டு மொத்தம் இருக்கோணும். இலை விட்டுத் தன்ர சாப்பாட்டைத் தானே தேடுமட்டும் தடிக்குள்ள கிடக்கிற மாப்பொருளிலதான் அது சீவிக்குது. ஈர்க்கு மாதிரித் தடியில என்ன கிடக்கப்போகுது? அடியைச் சரிச்சு வெட்டு. கிளுவையை வெட்டின கையோட நடாதை. நிழலில சாத்தி வை, வெட்டுவாய் காயட்டும், இல்லாட்டி அழுகிப்போம். மேல்வெட்டில சாணி அப்பு. ஐப்பசி மழை துவங்கேக்க குத்தினால் தண்ணி ஊத்திற வேலை வானத்துக்கு.

தலைகீழாய் மட்டும் நட்டுப்போடாதை. எது அடி, எது நுனி எண்டு தடிக்குத் தெரியும். வேரைத் தூண்டுற ஒக்சின் அடிப்பக்கம்தான் இறங்கும், பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பாய். நித்திரை கொள்ளாமல் இருந்திருந்தால். பேந்து இலை துளிர்க்கும். துளிரைக் கண்டவுடன வேர் பிடிச்சிட்டுது எண்டு துள்ளாதை. முதல் இலை பழைய சாமானில வாறது, வேர் ஆறுதலாய்த்தான் இறங்கும். உங்களுக்குத்தான் அந்த ஆறுதல் இல்லையே. காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா ஆட்டிப்பாத்து, வந்த வேரையும் அறுத்துப்போட்டு, தடி சரியில்லை எண்டு சொல்லுவியள்.

கொக்காவின்ர கலியாணத்தில முள்முருக்கங் கொப்பைக் கன்னிக்காலாய் நட்டது ஞாபகமிருக்கோ? அதுதான் பேந்து கிணத்தடியில ஊண்டினது. அது தழைச்சால் குடும்பம் தழைக்குமெண்டு கொத்தானும் ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்தினவர். உன்ர மறியாடு ஒரே நாளில முழுத் துளிரையும் கடிச்சுப்போட்டுது. அந்த ஆட்டை வைச்சுக்கொண்டோ நீ கஞ்சா வளக்கப்போறாய்? பொலிஸ் வரத் தேவையில்லை, ஆடு நடக்கிற நடையே காட்டிக்குடுக்கும்.

நெடுந்தீவார் இந்தக் கரைச்சலே வேண்டாமெண்டு முருகைக்கல்லை அடுக்கி வேலி கட்டியிருக்கினம். ஆடு கடியாது, உக்காது. ஒரேயொரு குறை, கல்வேலியை இரவோட இரவாய் நகத்தேலாது. கதியால் அப்பிடியில்லை, அதுக்குக் கால் இருக்கு. ஒல்லாந்தர் 1707இல எங்கட வழக்கச் சட்டமான தேசவழமையை எழுத்தில போட்டும் எங்கட வேலிச் சண்டை தீராததுக்கு வேறை என்ன காரணம்?

சரி, எழும்பு. கோடிக்குள்ள கிளுவங்கதியால் கட்டுக்கட்டாய்ச் சாத்திக்கிடக்கு, வெட்டுவாய் காஞ்சிட்டுது. அலவாங்கு கொட்டிலுக்குள்ள. தெற்கு வேலி முழுக்க உக்கிப்போச்சு, அதில போட்டுப் பழகு. பழைய கிடங்கில குத்தாதை, கறையான். ஒரு சாண் அங்கால தள்ளிக் குத்து. ஓம், அங்கால எண்டால் அவையின்ர பக்கம்தான். என்ன முழிக்கிறாய்? அவை கனடாவில. ஆனியில நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குத்தான் வருவினம். அதுக்கிடையில வேர் பிடிச்சிடும்.