கணக்கு வாத்தியாரின் கேமராப் பருவம்: ஓர் ஆய்வு

ஆய்வு நோக்கம்

தமிழில் ஆராயப்படாத பொருள் இல்லை. ஆராய்ந்து முடித்த பின் எவரும் படிக்காத பொருள்தான் மிகுதி. அவ்வரிசையில் மேலும் ஒன்றைச் சேர்ப்பதே இவ்வாய்வின் நோக்கம். நாற்பதைக் கடந்த அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர், டி.ஏ. அரியர் வந்த மாதத்தில், செகண்ட் ஹேண்டில் ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்குகிறார். ஏன் வாங்குகிறார், வாங்கிய பின் என்ன ஆகிறார் என்பதை முன்னாய்வுகள் தொடவில்லை. தொட்டிருந்தால் இவ்வாய்வு தேவைப்பட்டிருக்காது; தொட்டிருந்தாலும் எழுதியிருப்போம்.

ஆய்வு எல்லை, கணக்கு வாத்தியார் ஒருவர் மட்டும். தமிழாசிரியர் செல்ஃபி ஸ்டிக் வாங்கியது தனி ஆய்வுக்கு உரியது. கருதுகோள்: கேமரா வாங்கிய ஆசிரியர் படம் எடுப்பார். இறுதி இயலில் இது மெய்ப்பிக்கப்படும். மெய்ப்பிக்க முடியாத கருதுகோளை எடுத்துக்கொள்ளவே கூடாது என்பது எம் நெறியாளரின் அறிவுரை.

வரலாற்றுப் பின்புலம்

லூயிஸ் கரோல் என்ற பெயரில் ஆலிஸ் கதைகளை எழுதிய சார்லஸ் டாட்ஜ்சன், ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவர். 1856-இல் கேமரா வாங்கி 1880 வரை படமெடுத்தார். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டிய காலம் அது. அதே 1856-இல் சென்னையில் மதராஸ் புகைப்படச் சங்கம் தோன்றியது. தோற்றுவித்தவர் அலெக்சாண்டர் ஹண்டர். 1850-இல் அவர் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்றைக்கு எழும்பூரில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி.

இருவரும் கற்பித்தலோடு தொடர்புடையவர்கள். இருவருக்கும் ஒரே ஆண்டு. ஆண்டு ஒத்தால் தொடர்பு உண்டு, தொடர்பு உண்டென்றால் நம்முடையதே மூத்தது என்பது நம்மிடையே நிலைபெற்ற ஆய்வு முறை. ஆகவே ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கேமரா எழும்பூரிலிருந்துதான் போயிற்று. மறுப்போர் சான்று காட்டுக.

துளை இயல்

லென்சின் துளை அளவைக் குறிக்கும் எண்கள் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும். எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். மற்றப் பாட ஆசிரியர்கள் இந்த இடத்தில்தான் கேமராவை மைத்துனரிடம் கொடுத்துவிடுகிறார்கள். கணக்கு வாத்தியாரோ நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு எண்ணும் முந்தைய எண்ணின் ரூட் 2 மடங்கு. பத்தாம் வகுப்பில் அவர் நடத்தும் பெருக்குத் தொடர்வரிசை. துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஒரு எண் தள்ளினால் உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகிவிடும். "இந்த ரூட் டூ எதுக்கு சார் ஆகும்?" என்று வருஷா வருஷம் எவனாவது கேட்பான், "பரீட்சைக்கு ஆகும், உட்காரு" என்று அவரும் சொல்லி வந்தார். இனிமேல் கேமராவைக் காட்டலாம்.

படப்பொருள் வகைப்பாடு

அ. பூ: ஓடாது.

ஆ. சூரிய அஸ்தமனம்: காண்க, பிறருடைய ஃபோன்கள்.

இ. கீரை விற்கும் பாட்டியின் முகச் சுருக்கம்: கறுப்பு வெள்ளையில் எடுக்கப்படும். கீரை வாங்கப்படுவதில்லை.

ஈ. ஆதாரப் படம்: கை கழுவும் நாளும் மரம் நடும் நாளும் பள்ளியில் நடந்தன என்று மேலிடத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவது. கன்று பிழைத்ததா என்று கேட்கமாட்டார்கள். பேனரில் தேதி தெரியவில்லை என்றால் கேட்பார்கள்.

உ. பறவை: விரிவு கருதித் தனி இயலாகிறது.

வெறுங்கிளை இயல்

எம் தகவலாளியின் பறவைப் படங்களில் பறவை இல்லை, கிளை உண்டு. இக்கிளைகளை மூவகைப்படுத்தலாம்: பறவை இருந்த கிளை, பறவை வரவிருந்த கிளை, எந்தக் காலத்திலும் பறவை அமராத கிளை. படத்தில் மூன்றுக்கும் யாதொரு வேறுபாடும் தெரியாது என்பதே இவ்வகைப்பாட்டின் நுட்பம்.

இல்லாத ஒன்றை வகைப்படுத்தலாமா என்று ஐயுறுவோர் இறையனார் களவியல் உரையைக் காண்க. முதற்சங்கம் நிலவியது 4440 ஆண்டு, அதில் பாடினோர் 4449 பேர் என்று அது ஒன்று பிசகாமல் கணக்குச் சொல்கிறது. அவர்கள் பாடிய நூல்களோ நம் கைக்கு வரவில்லை. அதைக் கொண்டு கருத்தரங்கம் நடத்தலாமென்றால், கிளையாவது கையில் இருக்கும் எமக்கு என்ன தடை?

கிளை வெறுமையானதன் காரணம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷட்டர் வேகமே காரணம் என்பர் ஓய்வறைப் பள்ளியினர். சிறகடிக்கும் பறவையை உறைய வைக்க ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியாவது வேண்டும். சார் அறுபதில் ஒரு பங்கில் வைத்திருந்தார் (ஓய்வறை வாய்மொழி, இரண்டாம் டீ). இது கலங்கிப்போன மைனாவை விளக்குமேயன்றி, காணாமற்போன மைனாவை விளக்காது.

குரலே காரணம் என்பர் கடைசி பெஞ்சுப் பள்ளியினர். மைனாவைக் கண்டதும் சார், "ஏய், ஆடாம நில்லு!" என்று அதட்டுகிறார், மைனாவோ ஒன்பதாம் வகுப்பு அன்று (மேசைக் கல்வெட்டு, ஒன்பது 'ஆ', சன்னலோர வரிசை, காம்பஸ் முனைப் பொறிப்பு, இரண்டாம் துணைக்கால் சிதைந்துள்ளது, வேறு கை இடைச்செருகலும் படமும் உள, படம் பதிப்பிக்கத் தக்கதன்று).

மூன்றாவது, துணைவியார் மரபு: "மைனா போனா போகட்டும். லென்ஸ்ல இருக்கிற தூசு தெரியுதுல்ல, ஃபேன்ல இருக்கிறது தெரியலையா?" (அடுப்படி வாய்மொழி, முதற்பதிப்பு, ஞாயிறு காலை, திருத்திய பதிப்பு, அன்று மாலை, விரிவான பதிப்பு, தீபாவளி, அண்ணன் அணிந்துரையுடன், பின்னிணைப்பாகக் கேமராவின் விலை). இக்கூற்று கிளையைத் தொடவில்லை. மேற்கோள் எண்ணிக்கை போதாமையால் சேர்க்கப்பட்டது.

மூன்றையும் ஒருங்கிணைத்து யாம் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை படித்தோம். ஒருவருக்கு ஐந்து நிமிடம். நான்காம் நிமிடத்தில் மணி அடித்தார்கள். அறையில் இருந்தவர்கள் அனைவரும் தத்தம் முறைக்குக் காத்திருந்தவர்கள். சான்றிதழ் சாப்பாட்டுக்கு முன்பே தயார். "உங்கள்ல யாராவது அந்த மைனாவைப் பாத்தீங்களா?" என்று ஒருவர் கேட்டார். அவர் டீ கொண்டுவந்தவர். பதிவுக் கட்டணம் செலுத்தாததால் அவருடைய வினா தொகுப்பு மலரில் இடம்பெறவில்லை.

முடிபுகள்

ஒன்று: கேமரா வாங்கிய ஆசிரியர் படம் எடுக்கிறார். கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது.

இரண்டு: கிளைகள் மூவகை.

மூன்றாவதாக ஒரு செய்தி உண்டு. ஆய்வு எல்லைக்கு வெளியே நிற்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம். ஆதாரப் படம் ஒன்றுக்காக வகுப்பின் பின்மூலைக்குப் போன வாத்தியார், வ்யூஃபைண்டர் வழியாகக் கரும்பலகையைப் பார்த்தார். சன்னல் வெளிச்சம் பட்டுப் பாதிப் பலகை பளபளத்தது. எழுதிய கணக்கில் ஒரு வரியும் படிக்க முடியவில்லை. அந்த மூலைப் பிள்ளைகளைத்தான் "போர்டைப் பாருடா" என்று அவர் நாள்தோறும் திட்டி வந்தார். அன்றே அந்தச் சன்னல் கதவைச் சாத்தினார். இச்செய்திக்கு மேற்கோள் இல்லை, உட்பிரிவு இல்லை, மறுப்பாரும் இல்லை. எனவே ஆய்வுத் தகுதியற்றதென விலக்கப்பட்டது.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஆசிரியர் கழுத்தில் கேமராவோடு வந்தால் சிரிக்காதீர்கள். அவர் காட்டும் கிளைகளையெல்லாம் பொறுமையாகப் பார்த்து "நல்லா இருக்கு சார்" என்று சொல்லுங்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையை ஒரு படம் எடுக்கச் சொல்லவும் மறந்துவிடாதீர்கள்.