தலை கடைசியில் எழட்டும்

கயாக் கவிழ்ந்ததும் அதைவிட்டு வெளியே வராமல், உட்கார்ந்தபடியே உருண்டு மறுபடி நிமிர்வதை ரோல் என்கிறோம். தொண்ணூறுகளில், வேல்ஸின் வடமேற்கு மூலையில் உள்ள ஆங்கிள்சி தீவில், கோடைகாலப் பயிற்சியாளராக நான் சேர்ந்தபோது ரோல் வகுப்பின் முதல் பாடம் மேலே எழுவது. இன்றும் கோடை வந்தால் சென்னையிலிருந்து அங்கே போகிறேன். ஆனால் இன்று என் முதல் பாடம் நீருக்கடியில் நிதானமாக இருப்பது.

அன்றைய வகுப்பு அவசரத்தோடுதான் தொடங்கும். மாணவர் கவிழ வேண்டும்; கவிழ்ந்த கையோடு துடுப்பைப் பலங்கொண்ட மட்டும் இழுத்து எழ வேண்டும். சுற்றி நிற்பவர்கள் “இழு, இழு!” என்று கத்துவார்கள். தோள் வலிமையுள்ள இளைஞர்கள் எழுந்துவிடுவார்கள். மற்றவர்கள் உப்புநீரைக் குடித்துவிட்டு, ‘இது நமக்கு வராது’ என்று கரையேறிவிடுவார்கள். அதனால் வகுப்புக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இளம் ஆண்களாகவே இருந்தார்கள்.

அந்த அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஆகஸ்ட் மாதத்திலும் ஆங்கிள்சியின் கடல் நீர் 16 டிகிரி அளவில்தான் இருக்கும். அன்று எங்களிடம் இருந்தவை வெட் சூட்டும் அதன்மேல் போட ஒரு கம்பளிச் சட்டையும். நாலைந்து முறை கவிழ்ந்தாலே பற்கள் அடித்துக்கொள்ளும், விரல்கள் விறைத்துவிடும். நிதானமாகக் கற்றுத்தர உடம்பு இடம் கொடுக்காது. நீர் புகாத டிரை சூட் மலிவாகிப் பரவிய பிறகே, மாணவர் ஒரு மணி நேரம் தண்ணீரில் கிடந்து பழக முடிந்தது.

ஐரோப்பியர் ரோலைக் கற்ற விதமும் இதில் சேர்ந்தது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹான்ஸ் பாவ்லாட்டா, கிரீன்லாந்து வேட்டைக்காரர்களைப் பற்றிப் படித்தவற்றை வைத்தே முயன்று, 1927இல் ரோல் செய்து காட்டினார். துடுப்பின் ஒரு நுனியைக் கையால் பற்றி, மற்ற நுனியை உடலிலிருந்து தூர நீட்டி, நெம்புகோலாக்கி எழும் அந்த முறை அவர் பெயரிலேயே வழங்கியது. அது வேலை செய்யும். ஆனால் எங்கள் வகுப்புகளில் துடுப்பின் இழுப்பே எல்லாம் என்றாகிவிட்டது.

ரோலின் சூட்சுமம் வேறிடத்தில் இருக்கிறது. லைஃப் ஜாக்கெட் போட்ட உடம்பு தானே நீர்ப்பரப்புக்கு மிதந்து வரும். துடுப்பு அதற்குச் சிறிது ஊன்றுதல் கொடுத்தால் போதும். கயாக்கை நிமிர்த்துவது உள்ளே மேல்தளத்தின் அடியில் முட்டுக்கொடுத்திருக்கும் முழங்காலும் இடுப்பின் திருகலும். படகு முதலில் நிமிர வேண்டும், பிறகு உடம்பு, கடைசியில்தான் தலை. மூச்சுக்குத் தவிக்கிறவர் முதலில் தலையைத் தூக்குவார். அந்தப் பாரத்தைத் தூக்கும் முயற்சியிலேயே இடுப்பு எதிர்ப்பக்கம் திரும்பி, பாதி நிமிர்ந்த படகு மறுபடி கவிழும். ரோல் தவறுவதற்கு மிகப் பெரும்பாலும் இதுவே காரணம். தலையைக் கடைசியில் தூக்கு என்று வாயால் சொல்வது எளிது. நீருக்கடியில் பதற்றமில்லாதவரால்தான் அதைச் செய்ய முடியும்.

இன்றைய வகுப்பில் அதனால் எழுவதற்கு முன் படுக்கச் சொல்லித் தருகிறேன். மாணவர் கயாக்கில் அமர்ந்தபடியே பக்கவாட்டில் சாய்ந்து, முதுகை நீரில் பரப்பி, வானத்தைப் பார்த்து மிதக்க வேண்டும். திண்ணையில் காற்று வாங்கப் படுப்பது போன்ற இளைப்பாறல் அந்த நிலையில் கிடைத்துவிட்டால், அங்கிருந்து படகுக்குள் திரும்புவது மிகச் சிறிய அசைவு. கையில் அகலத் துடுப்புக்குப் பதில் மெல்லிய மரத்துடுப்பைக் கொடுக்கிறேன். அதைத் தோள் பலத்தால் இழுத்தால் பலன் இல்லை. மெதுவாக நீரில் பரத்தினால் தாங்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல, இந்தத் துறையிலேயே மிகப் பழையது. கிரீன்லாந்தின் இனுயிட் வேட்டைக்காரர்கள், தலைமூடியோடு கூடிய சீல் தோல் அங்கியைக் கயாக்கின் வாய்வளையத்தோடு இறுகக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். ஈட்டிக் கயிறு கையைச் சுற்றலாம், குத்துண்ட சீல் இழுத்துக் கவிழ்க்கலாம், துடுப்பு நழுவிப் போகலாம். உறையும் நீரில் படகைவிட்டு வெளியே வந்தவருக்குப் பிழைக்க வழி இல்லை. எனவே ஆபத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு ரோல் வைத்திருந்தார்கள்: துடுப்போடு, ஈட்டியெறியும் கட்டையோடு, வெறுங்கையோடு, ஒரு கை சிக்கிக்கொண்டால் மறுகையோடு. மோட்டார் படகுகள் வந்து கயாக் வேட்டை அருகிய காலத்தில், 1985இல், கானாத் கட்டுஃபியாத் என்ற சங்கம் அங்கே தொடங்கப்பட்டது. அது நடத்தும் தேசியப் போட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட ரோல்கள் உண்டு; கையில் கல்லைப் பிடித்தபடி எழுவதும் அதில் ஒன்று.

பிரிட்டனுக்குக் கிரீன்லாந்தின் படகு முதலில் வந்தது. அதன் வித்தை பின்னால் வந்தது. ஸ்காட்லாந்துக்காரரான கென் டெய்லர் 1959இல் மேற்குக் கிரீன்லாந்தின் இல்லோர்சூட் கிராமத்தில் தங்கி, அங்கே தனக்காகக் கட்டப்பட்ட கயாக்கைக் கொண்டுவந்தார். அதன் வடிவைத் தழுவியே ஆனாஸ் அக்யூட்டா என்ற ஃபைபர்கிளாஸ் கயாக் பிறந்தது. அந்த மரபில் வந்த படகுகளில் உட்கார்ந்துகொண்டுதான் நாங்கள் தோள் பலத்தை நம்பினோம். அந்தப் படகைப் படைத்தவர்களின் உடல்மொழி எங்கள் வகுப்புகளுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

கற்க வருபவர்களும் மாறினார்கள். இன்று ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் வருகிறார்கள், நன்றாகவும் கற்கிறார்கள். சென்ற ஆண்டுகளில் ஒரு கோடையில், லண்டனில் வாழும் யாழ்ப்பாணத்துப் பெண்மணி ஒருவர் வந்திருந்தார். இடுப்பளவு நீரில் அவருடைய கயாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அண்ணை, தலைகீழாக் கிடக்கேக்க பயம் வராதோ?”

“வரும்மா. வந்தா அவசரப்படாம மூணு வரைக்கும் எண்ணுங்க. அப்புறம் படகோட வயித்தைத் தட்டுங்க, நான் தூக்கிடறேன்.”

“நீங்கள் விட்டிட்டுப் போகமாட்டியள்தானே?”

“எங்கேயும் போகமாட்டேன்.”

முதலில் மூன்று எண்ணினார், பிறகு ஐந்து, பிறகு பத்து. ரோல் பற்றி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. வார இறுதியில் அவர் எழுந்தபோது அவருடைய தலை கடைசியில்தான் நீரைவிட்டு வந்தது.

கடலைப் படிக்கும் பாடமும் அன்றுபோல் இல்லை. சென்னைக் கரையில் ஓதம் ஏறி வற்றும் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஆங்கிள்சியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது 5 மீட்டர். தெற்கு ஸ்டாக் கலங்கரை விளக்கத்தின் முன்னே நீரோட்டம் 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வரை ஓடும். நல்ல துடுப்புக்காரரின் வேகமே 3 அல்லது 4 நாட்தான் என்பதால் அதை எதிர்த்துப் போக முடியாது. அது திரும்பும் நேரம் அறிந்து போக வேண்டும். அன்று இரவில் ஓத அட்டவணைப் புத்தகத்தை விரித்து, கிரீன்விச் நேரத்தோடு கோடைக்காக ஒரு மணியைக் கூட்டி எழுதிக்கொள்வோம். விடியலில் பிபிசி வானொலியின் கப்பல் வானிலை அறிக்கையில் ஐரிஷ் கடல் எப்போது வரும் என்று காத்திருப்போம். இன்று கைப்பேசி எல்லாவற்றையும் நொடியில் காட்டுகிறது. அது பெரிய வசதி, நானும் பயன்படுத்துகிறேன்.

இருந்தாலும் மாணவர்களைக் காகிதத்தில் கணக்குப் போட வைக்கிறேன். ஓதத்தின் உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், ஆறு மணி நேரத்தில் அது 1, 2, 3, 3, 2, 1 என்று ஏறும். 5 மீட்டர் ஓதத்தில் பாதி, அதாவது இரண்டரை மீட்டர், நடு இரண்டு மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. ஆறு கோடு இழுத்து இதை வரைந்தவருக்கு, எந்த நேரத்தில் முனையைச் சுற்றக் கூடாது என்பது மனத்தில் பதிந்துவிடும். ஓட்டத்துக்கு எதிராகக் காற்று அடித்தால் அலை செங்குத்தாக எழும் என்பதைப் பாறைமேல் நிறுத்திக் கண்ணாலேயே காட்டுகிறேன்.

ஏனென்றால் ரோல் தெரிந்தால் போதும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. ஜினோ வாட்கின்ஸ் 1930-31இல் கிரீன்லாந்துக்குப் பயணக்குழு நடத்திச் சென்றபோது, அவரும் தோழர்களும் கயாக்கும் ரோலும் அந்த மண்ணின் மக்களிடமே நேராகக் கற்றார்கள். அதில் தேர்ந்தவர் என்று பெயர் வாங்கிய வாட்கின்ஸ், 1932 ஆகஸ்ட்டில் தனியாகச் சீல் வேட்டைக்குப் போனார். கயாக் கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. வயது 25. ஒவ்வொரு வகுப்பிலும் இதைச் சொல்கிறேன். ரோல் தவறினால் தோழர் படகைப் பிடித்து ஏறுவது, தனியே போகாமலிருப்பது, குளிர்நீரில் விழுந்த முதல் நிமிடம் மூச்சை மட்டும் கவனிப்பது ஆகியவற்றையும் ரோலோடு சேர்த்தே கற்பிக்கிறேன்.

வகுப்பின் கடைசி நாளில் அன்று யார் எத்தனை ரோல் செய்தார்கள் என்று பார்த்தோம். இன்று அட்டவணையையும் வானிலையையும் மாணவர்கள் கையில் கொடுத்து, தெற்கு ஸ்டாக்கைச் சுற்றலாமா என்ற முடிவை அவர்களிடமே விடுகிறேன். ‘இன்று வேண்டாம்’ என்று காரணத்தோடு சொல்லும் குழுவுக்கு முழு மதிப்பெண். வரும் கோடையிலும் இதுவே தேர்வு.